ஆந்தையின் ஒப்புதல்

“நான் செத்துட்டேனாம்!” என்று போனில் ஒரு குரல் கத்தியது.

ஓட்டவாய் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, “எப்போங்க?” என்று மரியாதையாகக் கேட்டான்.

“எனக்கென்ன தெரியும்? காலையில ஆஸ்பத்திரிக்கு வந்து டோக்கன் கேட்டேன். கவுன்டர்ல இருக்கற பொண்ணு ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, ‘நீங்க காலமாயிட்டீங்க, டோக்கன் வராது’ங்குது. எனக்கு முட்டிவலி சார்! செத்தவனுக்கு முட்டி வலிக்குமா?”

“அனுபவம் இல்லீங்க. ஆழ்ந்த அனுதாப...”

அண்ணி போனைப் பிடுங்கினாள். “ஐயா, அங்கேயே உட்காருங்க. சாயங்காலத்துக்குள்ள உங்களை உயிரோட எழுப்பிடறோம்” என்று சொல்லி வைத்தாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டான், ஒரு நிமிடம்.

ஓட்டவாய் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, பழகியவர்கள் வைத்தது. அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட, அண்ணி நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். அண்ணிக்கு முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. உயிரோடு இருந்துகொண்டே செத்துப்போனதாகக் கணக்குக் காட்டியவர்களைக் கல்யாண வீட்டிலும் சினிமா கியூவிலும் கையும் களவுமாகப் பிடித்தவள். உயிரோடு இருப்பவர்களைக் கம்ப்யூட்டரே சாகடிப்பது அவளுக்கும் புதுசுதான்.

“காலையிலேருந்து இந்த மாதிரி போன்தான்” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண். கண்கள் சிவந்திருந்தன. “எடுக்கவே பயமா இருக்கு.”

அவளைத் தலைவி என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, நீள மேசை, ஆடும் நாற்காலிகள், பாதி குடித்துவிட்டு மறந்த காபி. இதுதான் ‘வரிசை’யின் தலைமையகம். வரிசை என்பது சின்ன ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கும் புரோகிராம். இலவசம். ஓப்பன் சோர்ஸ் என்பதால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். கல்லூரி முடித்த கையோடு தலைவி ஆரம்பித்தது. வந்த நல்ல வேலைகளையெல்லாம் இதற்காக வேண்டாம் என்று தள்ளியவள்.

“சாயங்காலம் ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாரும் கூடறாங்க. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா வரிசையைத் தூக்கிப் போட்டுட்டு ஏதாவது கம்பெனிகிட்ட போயிடுவாங்களாம். போனா திரும்பி வர மாட்டாங்க. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்.”

“சரி பண்ண வேண்டியதுதானே? துப்பறியறவங்க எதுக்கு?” என்றான் ஓட்டவாய்.

“திருத்தம் ரெடி. காலையிலேயே குல்லா எழுதி அனுப்பிட்டான். எங்க டீம்லயே அதிகமா எழுதறவன் அவன்தான். ஆனா எழுதினவரே அதை உள்ள சேர்க்க முடியாது. இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து அப்ரூவ் பண்ணணும். எந்த வரியையும் ரெண்டாவது ஆள் கண்ணு பார்க்காம உள்ள விடக் கூடாது. அதுதான் எங்க முதல் விதி.”

“நீங்க பாருங்களேன்.”

“எனக்கு உரிமை இல்லை.”

“நீங்கதானே ஆரம்பிச்சீங்க?”

தலைவி மேசையின் மறுமுனையைப் பார்த்தாள். அங்கே வட்டக் கண்ணாடி போட்ட ஒருவர் தொண்டையைச் செருமினார். நிஜமாகவே ஆடிட்டர். பகலில் கம்பெனிகளைப் பயமுறுத்துவார். ஓய்வு நேரத்தில் வரிசைக்கு விதிமுறை எழுதித் தருவார், சம்பளம் இல்லாமல்.

“அந்த ஏற்பாடு என்னோடது” என்றார். “பத்து பேர்கிட்ட சாவி இருந்தா பத்து திருடனுக்கு வழி. யாருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு உரிமை போதும்னு போன மாசம் ஒரு கூட்டம் போட்டேன். கொள்கை அளவுல சரியான முடிவு.”

“கொள்கை அளவுல சரி” என்றாள் அண்ணி. “கூட்டத்துல என்ன நடந்தது?”

நடந்தது இதுதான். மற்ற இடங்களில் பதவிக்கு அடித்துக்கொள்வார்கள். இங்கே விட்டுக்கொடுப்பதற்கு அடித்துக்கொண்டார்கள். தலைவி முதலில் எழுந்து, நான் ஆரம்பித்தேன் என்பதற்காக என்னிடம் சாவி இருக்க வேண்டியதில்லை என்றாள். கைதட்டினார்கள். உடனே ஆடிட்டர், விதி எழுதியவனே அதிகாரத்தில் இருந்தால் நன்றாக இருக்காது என்று எழுந்தார். அவருக்கும் கைதட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லோருக்கும் பெருந்தன்மை பொங்கி வழிந்தது. கடைசியில் பார்த்தால், சேர்க்க, நீக்க, அப்ரூவ் பண்ண, மற்றவர்களுக்கு உரிமை கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள்.

“ஆந்தை” என்றாள் தலைவி.

“பறவைங்களா?”

“அக்கவுன்ட் பேரு. யாரு, எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்ததில்லை. ஆனா அவரை மாதிரி படிச்சுப் பார்க்கறவங்க கிடையாது. வரிக்கு வரி கேட்பார். அதான் எல்லாரும் நம்பி விட்டோம்.”

“அந்த ஆள் இப்போ எங்க?”

“போன வாரம் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டேன். ‘இவ்வளவு உழைக்கறீங்க, ஒரு தடவை வீடியோவுல வாங்க, எல்லாரும் நன்றி சொல்லணும்’னு. அதோட சரி. ஆளையே காணோம்.”

ஓட்டவாய்க்குப் பொறி தட்டிவிட்டது. அவனுக்கு அடிக்கடி தட்டும். எழுந்து நின்று, ஆடும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஆடிட்டரை நோக்கி விரலை நீட்டினான்.

“விதின்னா உசுரு. வரிக்கு வரி கேள்வி. வட்டக் கண்ணாடி. அண்ணி, ஆந்தை இங்கேயே உட்கார்ந்துக்கிட்டு இருக்கு!”

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். “தம்பி, எனக்குப் புரோகிராம் எழுதவே தெரியாது. ஆந்தை எனக்கு எழுதினதைப் படிக்கறேன் கேளுங்க. ‘இந்த விதியை மனுஷங்க படிப்பாங்கன்னு நினைச்சு எழுதினீங்களா?’ மூணாம் மனுஷன் திட்டினாலே எனக்குத் தூக்கம் வராது. என்னை நானே வேற திட்டிக்குவேனா?”

ஓட்டவாய் உட்கார்ந்தான். நாற்காலி அவனை விட அதிகமாக ஆடியது.

அண்ணி இதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. தலைவியின் லேப்டாப்பை இழுத்துவைத்து, ஆந்தை இதுவரை எழுதிய கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். புரோகிராமில் அவளுக்கு ஓர் எழுத்து புரியாது. ஆனால் மனிதர்கள் எழுதுவதைப் படிப்பதில் அவளை ஏமாற்ற முடியாது. எத்தனை பொய் விண்ணப்பங்களைப் பார்த்த கண்!

“ஆந்தை உங்ககிட்டயும் இப்படித்தான் கேட்பாரா?” என்றாள் தலைவியிடம்.

“உயிரை எடுத்துடுவார். ‘இது ஏன்? இது எதுக்கு? இந்த இடத்துல நோயாளி ரெண்டு பேருக்கு ஒரே பேர் இருந்தா என்ன ஆகும்?’ பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும்.”

“குல்லாகிட்ட?”

“ஐயோ, அவனைத்தான் படுத்தி எடுப்பார். ‘சோம்பேறித்தனம்’, ‘கண்ணை மூடிக்கிட்டு எழுதினது’, ‘இதை எழுதின கையை உடைக்கணும்’. அவனும் பதிலுக்குச் சண்டைக்குப் போவான். எல்லாருக்கும் அது பெரிய பொழுதுபோக்கு. ஒரு தடவை அவனுக்கும் அட்மின் உரிமை கொடுக்கலாம்னு நான் சொன்னேன். வேற யாரும் எதிர்க்கலை. ஆந்தை மட்டும், ‘இவனை நம்பிக் கொடுக்காதீங்க’ன்னு தடுத்துட்டார்.”

அண்ணி லேப்டாப்பை மூடினாள். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. கப்பலில் இருக்கும் அண்ணனே இந்தச் சிரிப்புக்குப் பயப்படுவான்.

“குல்லா எங்க வேலை பார்க்கறார்?”

* * *

குல்லாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அங்கே போனதும் புரிந்துவிட்டது. ஐஸ்கிரீம் சேமித்துவைக்கும் குளிர்கிடங்கில் அவன் மேற்பார்வையாளன். கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டிருந்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மூச்சு புகையாக வந்தது.

கதவுக்கு வெளியே அண்ணி கொழுந்தனை நிறுத்தி ரகசியமாகச் சொன்னாள். “உள்ள போனதும் நீ ஆந்தையைத் திட்டணும். வஞ்சனை இல்லாம.”

“அண்ணி, இத்தனை நாள்ல நீங்க எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு. ஸ்கூட்டர் சாவியைக்கூட ஒரு நாள் கொடுத்ததில்லை. நெஞ்சு நெகிழுது.”

“நெகிழ்ந்தது போதும், உள்ள நட.”

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு சின்ன மேசை. அதில் லேப்டாப். குல்லா இருவரையும் பார்த்ததும் அதை மூடினான். தலைவி அனுப்பினாள் என்று அண்ணி சொன்னதும் முகம் வெளுத்தது, குளிரினால் வெளுத்திருந்ததற்கும் மேலே.

“ஆந்தையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே.

“தெரிஞ்சுக்க என்ன இருக்கு?” என்று ஓட்டவாய் தொடங்கினான். பல் தந்தியடித்தாலும் நாக்கு தடுமாறவில்லை. “வெட்டிப்பய. பேர் தெரியாத தைரியத்துல ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் திட்டறது. வேலைன்னு வந்தா ஓடி ஒளியறது. எதையும் படிக்காமலேயே அப்ரூவ் பண்ணுவானாமே?”

“படிக்காமலா?” குல்லா நிமிர்ந்தான். “யார் சொன்னா? ஒவ்வொரு வரியும் படிப்பார்! கண்ணு எரிய எரியப் படிப்பார். தண்ணி ஊத்திக் கழுவிட்டு வந்து மறுபடி படிப்பார்!”

“உங்களைத்தானே எழுதின கையை உடைக்கணும்னு சொன்னார்?”

“சொன்னது நியாயம்தான்.”

“உங்களுக்கு அட்மின் உரிமை வரவிடாம கெடுத்த ஆளுங்க!”

“அதுவும் நியாயம்தான். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

ஓட்டவாய் வாயைத் திறந்தான். சொல்வதற்கு எதுவும் இல்லாமல் அது திறந்தே இருந்தது. அவன் வாழ்க்கையில் இது அபூர்வம்.

அண்ணி ஓர் அட்டைப்பெட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள். “தம்பி, ஆந்தை எழுதினதை எல்லாம் படிச்சேன். தலைவிகிட்ட கேள்வி கேட்டிருக்கார். ஆடிட்டர்கிட்ட கேட்டிருக்கார். நேத்து சேர்ந்தவங்ககிட்டகூட ‘இது ஏன்?’னு கேட்டிருக்கார். உங்ககிட்ட மட்டும் ஒரு கேள்வி கிடையாது. பக்கம் பக்கமா திட்டு இருக்கு, கேள்வி மட்டும் இல்லை. ஏன்னு நான் யோசிச்சேன்.”

குல்லா கம்பளியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். மூச்சுப் புகை மட்டும் வந்தது.

“அடுத்தவங்க எழுதினதைப் படிச்சா சந்தேகம் வரும், கேட்கத் தோணும். உங்க எழுத்துல அவருக்குச் சந்தேகமே வரலை. ஏன் எழுதினீங்க, எப்படி எழுதினீங்க, எங்க சோம்பல்பட்டீங்க, எல்லாம் அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அப்படித் தெரிஞ்ச ஆள் உலகத்துல ஒருத்தர்தான் இருக்க முடியும். ஆந்தையாரே, வணக்கம்.”

ஓட்டவாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்போ அந்தச் சண்டையெல்லாம்?”

“நிஜச் சண்டைதான்” என்று குல்லா பரிதாபமாகச் சொன்னான். “சில நாள் ஆந்தை ஜெயிப்பார். சில நாள் நான்.”

பிறகு கொட்டித் தீர்த்தான். ஆரம்பத்தில் அவன் எழுதி அனுப்பிய திருத்தங்கள் படிக்க ஆளில்லாமல் வாரக்கணக்கில் கிடந்தன. கெஞ்சிப் பார்த்தான். தலைவி நாளைக்குப் பார்க்கிறேன் என்பாள். அந்த நாளை வரவே வராது. கடைசியில் பொறுக்க முடியாமல் இன்னொரு பெயரில் ஓர் அக்கவுன்ட் திறந்தான். தன் எழுத்தைத் தானே படித்து, மனசாட்சிக்குப் பயந்து கன்னாபின்னாவென்று திட்டினான். சந்தேகம் வரக்கூடாதே என்று மற்றவர்களுடையதையும் படித்தான். அதைப் பார்த்து அசந்துபோய் ஆந்தைக்குப் பதவி கொடுத்தார்கள். அவன் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மற்ற எல்லோரும் தங்கள் பதவியை விட்டுவிட்டார்கள்.

“சரி, இன்னிக்கு அப்ரூவ் பண்ணிட்டு ஒளிஞ்சுக்க வேண்டியதுதானே? ஊர்ல பாதி பேர் செத்துக்கிடக்காங்க” என்றான் ஓட்டவாய்.

குல்லா லேப்டாப்பைத் தள்ளிவைத்தான். “அவங்களைச் சாகடிச்சதே நான்தாங்க. போன தடவை நான்தான் எழுதினேன். ஒரு வீட்டுல அப்பா தவறிட்டார். அது தெரியாம ‘உங்க டோக்கன் தயார்’னு அவர் பேருக்கு மெசேஜ் போயிருச்சு. அந்தம்மா போன் பண்ணி அழுதாங்க. மனசு கேட்கலை. பல தடவை கூப்பிட்டும் வராதவங்களை, போனும் எடுக்கலைன்னா, காலமானவங்க கணக்குல வைக்கற மாதிரி எழுதினேன். நல்லா இருக்கறவன் ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரப்போறான்? அது என் மண்டையில உறைக்கலை. நான் எழுதினப்போவும் உறைக்கலை, ஆந்தையா படிச்சப்போவும் உறைக்கலை. ரெண்டு மண்டையும் ஒண்ணுதானே! ரெண்டாவது ஆள் பார்த்தாச்சுன்னு எல்லாரும் நம்பினாங்க. ரெண்டாவது ஆளே இல்லை. இப்போ மறுபடியும் நானே எழுதி, நானே அப்ரூவ் பண்ணா... கை வரலைங்க. காலையிலேருந்து ஆந்தையா உள்ள போறேன், பட்டனைப் பார்க்கறேன், வெளிய வந்துடறேன்.”

ஓட்டவாய்க்கு அவன்மீது ஏதோ ஒரு பரிவு வந்துவிட்டது. கிண்டல் செய்ய வாய் வரவில்லை. குளிரினால்தான் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அண்ணி எழுந்தாள். “கிளம்புங்க. தலைவிகிட்ட போகலாம்.”

“ஐயோ, அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

“கண்ணாலதான். வண்டி இருக்கா?”

“ஐஸ்கிரீம் வேன்தான் இருக்கு.”

“அதுல நான் உங்ககூட வர்றேன். நடுவழியில நீங்க இறங்கி ஓடினா?” அண்ணி பையில் கைவிட்டு எதையோ எடுத்துக் கொழுந்தனிடம் தூக்கிப் போட்டாள். “நீ ஸ்கூட்டர்ல வா.”

உள்ளங்கையில் விழுந்த சாவியை ஓட்டவாய் உற்றுப் பார்த்தான். பேச்சு வரவில்லை. ஒரே நாளில் இது இரண்டாவது முறை.

* * *

தலைவி எல்லாவற்றையும் கேட்டாள். முதலில் சிரித்தாள். அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உன்னை எவ்வளவு நம்பினேன்! அவரையும் எவ்வளவு நம்பினேன்! இத்தனை ஆஸ்பத்திரியை ஏமாத்தியிருக்க!”

“ஆமா” என்றான் குல்லா, தரையைப் பார்த்தபடி. “தப்புதான். ஆனா நீங்க நாளைக்குப் பார்க்கறேன்னு சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும்.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. தலைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

“கூட்டம் ஆரம்பிக்கப் போகுது” என்றார் ஆடிட்டர் மெதுவாக. “விதிப்படி பார்த்தா ஆந்தை மேல விசாரணை வைக்கணும். ஆனா விசாரணைக்கு உத்தரவு போட ஆந்தைக்கு மட்டும்தான் உரிமை இருக்கு.” அவர் தன்னுடைய விதியை நினைத்துத் தானே தலையில் அடித்துக்கொண்டார்.

குல்லா உட்கார்ந்து ஆந்தையாக உள்ளே நுழைந்தான். முதல் காரியமாகத் தலைவிக்கு எல்லா உரிமைகளையும் திருப்பிக் கொடுத்தான். அடுத்து ஆடிட்டருக்கு. பிறகு லேப்டாப்பைத் தலைவியிடம் நகர்த்தினான். திருத்தம் திரையில் இருந்தது. கீழே ஒப்புதல் பட்டன்.

ஓட்டவாய் பொறுமையிழந்தான். “அமுக்குங்க மேடம்! எங்க முட்டிவலிக்காரர் பிணவறைக்கே போயிடுவார் போல!”

தலைவி அமுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். விரலை வைத்து வைத்துப் படித்தாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இது ஏன் இப்படி எழுதின?”

குல்லா தலைநிமிர்ந்தான். இத்தனை காலத்தில் அவன் எழுத்தைப் பற்றி இன்னொருவர் கேட்ட முதல் கேள்வி அது. கண் கலங்கிவிட்டது. “அது... காலமானவங்கன்னு இருக்கற எல்லாரையும் திரும்ப உயிரோட இருக்கறவங்களா மாத்தறதுக்கு.”

“எல்லாரையும்னா? நிஜமாவே தவறிப்போனவங்களையுமா?”

அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள்.

“நாளைக்குக் காலையில” என்று ஓட்டவாய் மெல்லிய குரலில் சொன்னான், “செத்தவங்க எல்லாருக்கும் டோக்கன் போயிருக்கும்.”

குல்லா தலையில் கைவைத்துக்கொண்டான். அந்தம்மாவின் அழுகையை மறுபடியும் கேட்க இருந்தவன் அவன்தான். தலைவி அவன் கையை எடுத்துவிட்டு லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தத்தைத் திருத்தினார்கள். குடும்பத்தார் சொல்லிப் பதிவானவர்களைத் தொடக்கூடாது, கம்ப்யூட்டர் தானாக முடிவுகட்டியவர்களை மட்டும் மீட்க வேண்டும். அவன் எழுத, அவள் ஏன் ஏன் என்று குடைய, சில இடத்தில் சத்தம் போட்டுச் சண்டையும் நடந்தது. கடைசியில் அவள் பட்டனை அமுக்கினாள்.

போன் அடித்தது. ஓட்டவாய் எடுத்தான்.

“டோக்கன் வந்துருச்சு சார்!” என்றது அதே குரல். “ஆனா முட்டிவலி காலையில இருந்ததை விட ஜாஸ்தி.”

“உயிரோட இருக்கீங்கன்னு அர்த்தம். வாழ்த்துகள்!” என்று வைத்தான்.

ஆஸ்பத்திரிக்காரர்களின் கூட்டத்துக்குத் தலைவி தானே போனில் பேசினாள். என்ன தவறு, எப்படி நேர்ந்தது, படிக்க வேண்டியவள் படிக்காமல் விட்டது உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு யாரோ ஒருவர், தப்பை இவ்வளவு தெளிவாகச் சொல்கிற கம்பெனி எதுவும் எங்களுக்குத் தெரியாது, தொடரலாம் என்றார். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை அதில் தூசி இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வேலை. ஆந்தையை நீக்கும் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, குல்லா தயங்கித் தயங்கி உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா, பிரிய மனசு வரலையா?” என்றான் ஓட்டவாய்.

“கூடவே இருந்தவர். என்னை அக்கறையா திட்டறதுக்கு அவரை விட்டா வேற யாரும் இல்லைங்க.”

தலைவி எட்டி, அவன் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள். திரையிலிருந்து ஆந்தை மறைந்தது.

“இனிமே நான் இருக்கேன்” என்றாள். “நாளைக்கு இல்லை. இன்னிக்கே ஆரம்பிக்கறேன். முதல்ல அந்தக் குல்லாவைக் கழட்டு, கழுதை. இங்க குளிரலை.”